பொம்மைப் பட்டாளத்துக்குப் பொட்டு வைத்தவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏற்காட்டில் ஒரு தோட்ட பங்களாவில் இருக்கும் பொம்மைச் சிப்பாய்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. படங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எழுத்தில்தான் மொத்தம் இரண்டே ஆட்கள் தெரிந்தார்கள்: ஒருவர் காசு கொடுத்து வாங்கிய பெரியவர், இன்னொருவர் நெப்போலியன். அந்தப் பொம்மைகளை யார் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்பதற்கு ஒரே ஒரு வரி. அதுவும் தப்பு. 'ஒவ்வொரு வீரனும் ஈயத்தில் கையால் செதுக்கப்பட்டவன்' என்று போட்டிருக்கிறீர்கள். ஈயத்தை ஒவ்வொன்றாகச் செதுக்கி இத்தனை ஆயிரம் சிப்பாய்களைச் செய்து முடிக்க எந்த ஊர் ஆசாரியாலும் ஆகாது. அவை வார்க்கப்பட்டவை. நான் சிவதாபுரத்தில் கொலுசு வேலை பார்த்தே தலை நரைத்தவள். அந்தத் தொகுப்பை நேரிலும் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் நெப்போலியனுக்கு ஒதுக்கியதில் இருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பி மகன் அலுமினியம், கண்ணாடி வேலை செய்கிறவன். பெரியவர் தன் மர அலமாரிகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி அடுக்குகள் போடுவதற்காக அவனைக் கூப்பிட்டிருந்தார். அளவெடுக்கப் போன அன்றைக்கு, "அத்தை, நீங்களும் வாங்க, அப்படியே சேர்வராயன் கோயிலுக்கும் போயிட்டு வந்துடலாம்" என்று என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டான். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, மூடுபனிக்குள் போய் இறங்கினோம். கோயிலுக்குப் போக நேரமே கிடைக்கவில்லை, அந்த அறையிலேயே பொழுது போய்விட்டது.

எந்த எஸ்டேட், எந்தச் சாலை என்று நான் எழுதமாட்டேன். நீங்களும் எழுதியிருக்கக் கூடாது. 'கோடிக்கணக்கில் மதிப்பு' என்று கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்திலேயே கேட்டையும் படம் பிடித்துப் போட்டால் யார் யார் வந்து நிற்பார்கள் என்று யோசித்தீர்களா? விற்க வந்தவர், விலை பேச வந்தவர், சும்மா எட்டிப் பார்க்க வந்தவர் என்று அந்த வாரம் முழுக்க நாய் குரைத்தபடி இருந்ததாம். வயதானவர், மனைவி போன பிறகு தனியாக இருக்கிறவர். சரி, நடந்தது நடந்துவிட்டது. பொம்மைக்கு வருகிறேன்.

உள்ளே போனதும் கண்ணுக்குத் தெரிந்தது நவராத்திரிக் கொலு மாதிரிதான். சுவருக்குச் சுவர் படி படியாக ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் ஒரு சாமிகூட இல்லை. எத்தனை இருக்கும் என்று கேட்டேன். எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டதாகச் சொன்னார். நான் எட்ட நின்று பார்த்தது கொஞ்ச நேரம்தான். அப்புறம் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனேன். பட்டறைக்காரிக்குச் சாமானைக் கிட்டே பார்க்காமல் இருப்புக் கொள்ளாது.

ஜெர்மனியில் நூரம்பர்க் பக்கம் 18-ஆம் நூற்றாண்டிலேயே வெள்ளீயத்தில் சிப்பாய்கள் செய்திருக்கிறார்கள். அவை தட்டையானவை. பக்கவாட்டில் பார்த்தால் குதிரை, வீரன், கொடி எல்லாம் தெரியும், நேராகப் பார்த்தால் ஒரு கோடுதான். உங்கள் நிருபர் சொன்ன செதுக்கு வேலை இங்கே இருக்கிறது, ஆனால் அது அச்சில் நடந்த வேலை. இரண்டு சிலேட்டுக் கல்லில் உருவத்தின் இரு பக்கத்தையும் பள்ளமாகக் குடைந்து, சேர்த்துப் பிடித்து, உருக்கிய வெள்ளீயத்தை ஊற்றுவார்கள். பொத்தான், கடிவாளம், குதிரையின் பிடரி மயிர் என்று எல்லாவற்றையும் இடவலம் மாற்றிக் கல்லில் வெட்ட வேண்டும். எங்கள் தொழிலில் டை, அதாவது கொலுசுக்கான அச்சு, வெட்டுகிறவருக்கு ஏன் அவ்வளவு மரியாதை என்று தெரிந்தவர்களுக்கு இது புரியும். டை சுத்தமாக இருந்தால்தான் கொலுசின் பட்டி சுத்தமாக விழும். அதில் பிசகினால் பின்னால் எத்தனை மெருகு போட்டாலும் பிசகு பிசகுதான்.

தட்டைப் பொம்மைகளோடு உருண்டைப் பொம்மைகளும் வந்தன. முழுக்க ஈயம், நல்ல கனம், விலையும் அதிகம். 1893-ல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் கம்பெனி ஒரு வழி கண்டுபிடித்தது. அச்சில் ஈயத்தை ஊற்றியதும், அச்சின் சுவரைத் தொட்ட ஈயம் முதலில் இறுகிவிடும், நடுவில் இருப்பது இன்னும் குழம்பாகவே இருக்கும். அந்த நேரம் பார்த்து அச்சைக் கவிழ்த்தால் நடுக்குழம்பு துளை வழியாக வெளியே ஓடிவிடும், மேல்தோல் மட்டும் சிப்பாயாக நிற்கும். அவசரப்பட்டுக் கவிழ்த்தால் முகமே விழாது. தாமதித்தால் கட்டியாகிப் போகும். கடிகாரம் பார்த்துச் செய்கிற வேலை இல்லை, கைக்குத்தான் தெரியும். ஈயம் தனியாக இருந்தால் மெத்தென்று வளையும் என்பதால் கொஞ்சம் வெள்ளீயமும் ஆன்டிமனி என்ற உலோகமும் சேர்ப்பார்களாம்.

பெரியவர் என் ஒரு கையில் ஜெர்மன் கட்டிச் சிப்பாயையும் மறு கையில் லண்டன் சிப்பாயையும் வைத்தார். எடை வித்தியாசம் கைக்கு உடனே தெரிந்தது. வெளியே ஓடிய ஈயம் திரும்ப உலைக்கே போகிறது, ஒரு குந்துமணி சேதாரம் இல்லை. தரைத்தூசியைக் கூட்டி வைத்து, கழுவி, அதிலிருந்து வெள்ளி எடுக்கிற கூட்டம் நாங்கள். அந்த லண்டன்காரரின் மூளை எனக்குச் சட்டென்று பிடித்துப்போனது. ஈயம் குறைந்தது, விலை குறைந்தது, ஜெர்மனியில் இருந்து வந்து இறங்கிக்கொண்டிருந்த சரக்குக்குப் போட்டி வந்துவிட்டது. நிற்கிற ஆள் 54 மில்லிமீட்டர் உயரம். சிவப்பு அட்டைப்பெட்டியில் காலாள் என்றால் எட்டுப் பேர், குதிரைப்படை என்றால் ஐந்து பேர், நூல் போட்டுக் கட்டியிருக்கும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். வார்த்து எடுத்தது பாதிப் பொம்மைதான். அச்சு சேர்ந்த இடத்தில் நிற்கும் பிசிறை அரத்தால் தேய்க்க வேண்டும், அசையும் கையைத் தனியாக மாட்ட வேண்டும், அப்புறம் வண்ணம். கோட்டுக்குச் சிவப்பு, குறுக்குப் பட்டைக்கு வெள்ளை, துப்பாக்கிக் கட்டைக்குப் பழுப்பு, மீசைக்கு ஒரு கீற்று, கடைசியில் கன்னத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு பொட்டு. இந்த வேலையைச் செய்தவர்கள் பெண்கள். பெரியவரிடம் இருந்த ஒரு புத்தகத்தில் பழைய புகைப்படம் ஒன்றைக் காட்டினார்: நீள மேசை, வரிசையாகக் குனிந்த தலைகள், எதிரே தட்டில் நூற்றுக்கணக்கில் சிப்பாய்கள். நூரம்பர்க் பக்கத்திலோ இன்னும் மோசம், வீட்டுக்கே கொடுத்தனுப்பி அம்மாவும் பிள்ளைகளும் விளக்கடியில் உட்கார்ந்து தீட்டியிருக்கிறார்கள், எண்ணிக்கைக்குத்தான் கூலி.

பிரித்தே பார்க்காத மாதிரி இருந்த ஒரு பெட்டியை எனக்காகத் திறந்தார். எட்டுப் பேரையும் வரிசையாக வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் ஆளின் கன்னத்தில் பொட்டு தடிப்பாக, கொஞ்சம் மேடாகவே இருக்கிறது. அடுத்தவனுக்கு அளவாக இருக்கிறது. மூன்றாவது, நான்காவது ஆளுக்கு மெலிந்துகொண்டே போய், ஐந்தாவதில் வெறும் சாயல்தான். ஆறாவது ஆளுக்கு மறுபடியும் தடிப்பு. தூரிகையை ஒரு முறை வண்ணத்தில் தொட்டு, வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே போய், காய்ந்த பிறகுதான் மறுபடி தொட்டிருக்கிறாள். ஒவ்வொரு ஆளுக்கும் தொட்டுக்கொண்டிருந்தால் கூலி கட்டுப்படியாகாது. கொலுசில் முத்து வைத்துப் பற்ற வைக்கும்போது, அதாவது நெருப்பில் காட்டி ஒட்டும்போது, ஒட்டுப் பிடிக்கத் தடவுகிற வெண்காரத்தை நாங்களும் இப்படித்தான் தொடுவோம். இதைச் சொன்னதும் பெரியவர் லென்ஸை எடுத்துக்கொண்டு வந்து இன்னும் இரண்டு பெட்டிகளைத் திறந்து பார்த்தார். இத்தனை வருஷமாக வைத்திருக்கிறார், பட்டாளத்தின் பெயர், எந்த வருஷத்துச் சீருடை, எந்தப் போர் என்றெல்லாம் கடகடவென்று சொல்கிறார், இதைப் பார்த்ததில்லையாம். கம்பெனி பெயரும் தேதியும் சிப்பாயின் காலடியில், குதிரையின் வயிற்றில் இருக்கிறது. போலிச் சரக்குக்குப் பயந்து போட்டது. பொட்டு வைத்தவளின் பெயருக்கு எங்கே இடம்?

எங்கள் வீட்டிலும் என் அம்மா, நாத்தனார், நான் மூன்று பேரும் திண்ணையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள்தான். சேலம் கொலுசு என்று வடநாடு வரை பெயர். கடையில் வாங்குகிறவர்களுக்குக் கடைக்காரர் பெயர் தெரியும், டிசைன் பெயர் தெரியும். அதனால்தான் உங்கள் கட்டுரையில் 'செதுக்கப்பட்டவன்' என்ற ஒற்றை வரி எனக்கு அவ்வளவு உறுத்தியது.

நம் ஊர் ஆட்களும் அங்கே இருக்கிறார்கள். பிரிட்டன் கம்பெனி மெட்ராஸ் காலாட்படை என்று ஒரு பெட்டி போட்டிருந்தது. சிவப்புக் கோட்டு, தலைப்பாகை, முகத்துக்குப் பழுப்பு. எட்டுப் பேருக்கும் ஒரே முகம்தான், அச்சு ஒன்றுதானே. நம் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில், 'இந்தக் கிராமத்திலிருந்து முதல் உலகப் போருக்கு இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள்' என்று ஆங்கிலேயர் வைத்த கல்வெட்டுப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். அதிலும் எண்ணிக்கை மட்டும்தான், பெயர் கிடையாது. வாட்டர்லூவுக்கு மூன்று பத்தி எழுதிய கட்டுரையில் இந்தப் பெட்டிக்கு ஒரு வரி கொடுத்திருக்கலாம்.

ஒரு ஈட்டி வீரனுக்குக் கை முறிந்திருந்தது. "அம்மா, நீங்க வெள்ளியையே ஒட்டறீங்க, இதை ஒட்டித் தரக்கூடாதா?" என்று கேட்டார். "ஐயா, என் நெருப்பை இவன் கிட்டே கொண்டுபோனா, கை ஒட்டாது, ஆளே இருக்கமாட்டான்" என்றேன். வெள்ளி உருக 960 டிகிரிக்கு மேல் வேண்டும், ஈயமோ 327 டிகிரியிலேயே ஓடிவிடும் என்று கணக்குச் சொன்னது என் பேத்தி. கணக்குத் தெரியாவிட்டாலும் கண்ணுக்குத் தெரியும். அவர் சிரித்துக்கொண்டே இன்னொருவனை எடுத்துக் காட்டினார். தலை லேசாக ஆடியது. தூக்கினால் கையோடு வந்துவிட்டது. உள்ளே பார்த்தால் கழுத்துக்குள் ஒரு தீக்குச்சி! உள்ளே வெற்றிடம் என்பதால் இந்தச் சிப்பாய்களுக்குக் கழுத்து பலவீனம். பிள்ளைகள் போட்டு உடைத்தால், தீக்குச்சியை நறுக்கி உடம்பில் செருகி, மேலே தலையை மாட்டிவிடுவது அந்தக் காலத்து வீட்டு வைத்தியமாம். தொகுப்பாளர்கள் இப்படிப்பட்டதை ஒதுக்கிவிடுவார்கள், விலை போகாது. இவர் அவற்றுக்கென்றே ஒரு தட்டு வைத்திருக்கிறார். அந்தத் தட்டை உங்கள் புகைப்படக்காரர் எடுக்கவே இல்லை.

மர அலமாரியை ஏன் மாற்றினார் என்பதையும் கேட்டிருக்கலாம். ஈயத்துக்கு ஒரு நோய் வரும். ஓக் மாதிரி சில மரங்களும் சில வகைப் பலகைகளும் மெதுவாக அசிட்டிக் அமில ஆவியை விடுமாம், காடியில் இருக்கிற அதே புளிப்புதான். பூட்டிய அலமாரிக்குள் அது நிறைந்து, ஈரமும் சேர்ந்தால் ஈயம் வெள்ளையாகப் பூத்து, பொடிப்பொடியாக உதிரும். அந்தக் காலத்தில் வெள்ளை வண்ணத்துக்கான ஈயப் பொடியை இதே முறையில் வேண்டுமென்றே தயாரித்தார்களாம். 1500 மீட்டர் உயரத்தில், பகலிலும் மேகம் ஜன்னலுக்குள் வருகிற இடத்தில் ஈரத்துக்குக் கேட்கவா வேண்டும்? ஒரு குதிரையைக் காட்டினார். வண்ணம் அப்படியே பளபளக்கிறது, கால் மட்டும் சாம்பல் பூத்துக் கரைந்துகொண்டிருக்கிறது. ஜெர்மனியின் எலாஸ்டோலின் பொம்மைகள் மரத்தூளும் பசையும் பிசைந்து, உள்ளே கம்பி வைத்துச் செய்தவை. அவை ஈரத்தில் ஊதி வெடிக்கும். அவற்றைத் தனி அறையில், ஈரம் உறிஞ்சும் மெஷின் போட்டு வைத்திருக்கிறார். மின்சாரம் போனால் மனிதர் தவித்துப்போகிறார்.

அந்த வெள்ளைப் பொடி விஷம். பெரியவர் கையுறை இல்லாமல் அதைத் தொடுவதில்லை. உங்கள் கட்டுரையிலோ ஒரு சின்னக் குழந்தை ஈயச் சிப்பாயைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு சிரிக்கிற மாதிரி படம், கீழே 'குட்டீஸ்களையும் அழைத்துச் செல்லுங்கள்' என்று யோசனை. குழந்தை அடுத்து அதை எங்கே கொண்டுபோகும்? வாய்க்குத்தான். பிரிட்டன் கம்பெனியே ஈயத்தை 1966-ல் விட்டுவிட்டது. நம் நாட்டிலும் 2021 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பழைய இரும்புக்கடையிலோ சந்தையிலோ வண்ணம் பூசிய ஈயப் பொம்மை கிடைத்தால் வீட்டில் வைத்து உருக்கவோ, பிள்ளைகளிடம் கொடுக்கவோ வேண்டாம் என்று ஒரு சின்னக் குறிப்பாவது போடுங்கள்.

எனக்குப் பிடித்தது பட்டாளமே இல்லை. முதல் உலகப் போர் முடிந்த பிறகு, இத்தனை பேரைப் பறிகொடுத்த ஊரில் சிப்பாய்ப் பொம்மை வாங்க அம்மாக்களுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. 1920-களில் அதே கம்பெனி பண்ணைப் பொம்மைகளை இறக்கியது. பசு, கன்று, வாத்து, வேலிப் படல், பால் கறக்கிற பெண். வார்க்கிற முறை அதே முறை, ஈயமும் அதே ஈயம். ஜன்னல் ஓரம் ஒரு முழு அடுக்கு அதுதான். பால்காரப் பெண்ணின் கன்னத்திலும் பொட்டு இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். இருக்கிறது.

கடைசியாக, கதவுக்குப் பின்னால் இருந்த அடுக்கு. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாக் கடைகளில் பாலித்தீன் பையில் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்களே, அந்தப் பச்சைப் பிளாஸ்டிக் சிப்பாய்கள். என் மகனுக்கு நானே வாங்கிக் கொடுத்திருக்கிறேன். துப்பாக்கி வளைந்திருக்கும், ஓரத்தில் பிசிறு நிற்கும், நின்றால் ஒரு பக்கம் சாயும். அங்கே அவை கண்ணாடிக்குள் ஒழுங்காக நிற்கின்றன. லண்டன் சிப்பாயைப் பணம் இருந்தால் வாங்கிவிடலாம், இவற்றைத் தேடுவதுதான் பெரும்பாடு என்றார் பெரியவர். யாரும் எடுத்து வைக்கவில்லை, உடைந்ததும் குப்பைக்குப் போய்விட்டன. காலடியைத் திருப்பிப் பார்த்தால் கம்பெனி பெயர்கூட இல்லை. எந்த ஊரில் அச்சுப் போட்டார்கள், யார் பையில் எண்ணிப் போட்டார்கள், ஒன்றும் தெரியவில்லை. சேலத்திலேயேகூட ஒரு ஷெட்டில் நடந்திருக்கலாம்.

உங்கள் பத்திரிகையால் ஆகக்கூடிய காரியம் இது. அந்த வேலை செய்தவர்கள் அறுபது எழுபது வயதில் இன்னும் இருப்பார்கள். வாசகர் பக்கத்தில் ஒரு அறிவிப்புப் போட்டு, தெரிந்தவர்கள் எழுதும்படி கேளுங்கள். முகவரி உங்கள் அலுவலகத்துக்கே இருக்கட்டும், மலைக்கு யாரையும் அனுப்ப வேண்டாம். 'செதுக்கப்பட்டவன்' என்பதற்குத் திருத்தமும் போட்டுவிடுங்கள். அச்சு வெட்டுவது, உருக்குவது, பற்ற வைப்பது எல்லாம் எப்படியிருக்கும் என்று உங்கள் நிருபருக்குப் பார்க்க ஆசையிருந்தால் சிவதாபுரத்துக்கு அனுப்புங்கள், நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன். சனிக்கிழமை மட்டும் வேண்டாம். அன்றைக்குக் கூலிக் கணக்குப் பார்க்கிற நாள், யாரும் நிமிர்ந்து பேசமாட்டார்கள்.

இப்படிக்கு,
கொலுசுத் தொழிலாளி ஒருத்தி,
சிவதாபுரம், சேலம்.
(பெயர் போட வேண்டாம். தம்பி மகனுக்கு அந்த வீட்டில் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.)